முதல் எயார் றைபிள்: இரண்டில் எதைத் தெரிவது?

துவக்கு என்ற சொல்லைக் கண்டதுமே பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் சகோதரிகள் இந்தச் சஞ்சிகையின் வாசகிகளிடையே பலர் இருப்பார்கள். அவர்களைக் குறைகூற முடியாது. எங்கள் தலைமுறைப் பெண்கள் துவக்கை விளையாட்டுச் சாமானாகப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் கால் இழந்த, முள்ளந்தண்டில் காயப்பட்ட பெண்பிள்ளைகள் உலக அரங்குவரை போகக்கூடிய விளையாட்டுகளில் எயார் றைபிள் சுடுதலும் ஒன்று. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம், அவள் ஒருநாள் இதைக் கேட்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மகள் 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் மாத்தளனில் ஷெல் விழுந்து இடது காலை முழங்காலுக்கு மேலே இழந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. 2012 இல் நாங்கள் இருவரும் என் கணவரிடம் இங்கிலாந்துக்கு வந்தோம். பதினான்கு வயதில் பாடசாலைச் சிநேகிதி ஒருத்தியோடு எங்கள் பட்டினத்துச் சுடும் கழகத்துக்குப் போனாள். ஒரு வருடம் கழகத்தின் பொது றைபிளிலேயே பழகினாள். 2018 இல் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற கட்டம் வந்தது. எங்கள் கையிலிருந்த காசுக்குள் இரண்டு றைபிள்கள் வந்தன. இரண்டும் பழக்குநருக்கானவை, இரண்டும் பாவித்தவை, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவற்றுள் ஒன்றை எப்படித் தெரிந்தோம் என்பதே இக்கட்டுரை.

விளையாட்டு எப்படிப்பட்டது?

எயார் றைபிளில் வெடிமருந்து இல்லை. அமுக்கி நிரப்பிய காற்று, 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய ஈயச் சன்னத்தைத் தள்ளிவிடுகிறது. சுடுபவருக்கும் இலக்குக்கும் இடையே 10 மீற்றர் தூரம். இலக்கு முழுவதும் 45.5 மில்லிமீற்றர் அகலம். அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளிப் பொட்டு அரை மில்லிமீற்றர்தான். பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளியை ஓர் அறையின் மறுகோடியில் வைத்துப் பார்ப்பது போன்றது. 60 சூடுகள், 75 நிமிடங்கள். முன்பு பெண்களுக்கு 40 சூடுகளே இருந்தன. 2018 இலிருந்து ஆண்களைப் போலவே 60 ஆக்கினார்கள்.

இதில் ஓடத் தேவையில்லை, பாயத் தேவையில்லை. மூச்சை அடக்கி, உடம்பை அசையாமல் வைத்து, அவசரப்படாமல் விசையை இழுக்க வேண்டும். வெல்பவர் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை. அறுபதாவது சூட்டிலும் முதலாவது சூட்டில் இருந்த நிதானத்தோடு இருப்பவரே வெல்லுகிறார்.

காயப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய விழா

பராலிம்பிக் விழாவின் வேரே போர்க்காயத்தில்தான் இருக்கிறது. ஜேர்மனியிலிருந்து 1939 இல் அகதியாக இங்கிலாந்துக்கு வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 இல் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அந்நாட்களில் அப்படிக் காயப்பட்டவர்களைச் சாகும்வரை படுக்கையில் வைத்திருப்பதே வழக்கம். குட்மன் அவர்களை எழுப்பி இருத்தி விளையாட வைத்தார். 1948 ஆடி 29 ஆம் திகதி, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், போரில் காயப்பட்ட 16 ஆண்களும் பெண்களும் அந்த வைத்தியசாலை முற்றத்தில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அதுவே பின்னர் பராலிம்பிக்காக வளர்ந்தது. சுடுதல் போட்டி 1976 இல் ரொறன்ரோவில் நடந்த விழாவில் சேர்க்கப்பட்டது.

இன்று இதில் இரண்டு முக்கிய பிரிவுகள் உள்ளன. றைபிளின் பாரத்தைத் தம் கைகளாலேயே தாங்கக்கூடியவர்கள் எஸ்எச்1 என்ற பிரிவில் வருகிறார்கள். கையில் வலு இல்லாததால் அதைத் தாங்க முடியாதவர்களுக்கு எஸ்எச்2. அவர்களுக்கு றைபிளைத் தாங்க சுருள்கம்பி வைத்த தாங்கி ஒன்று அனுமதிக்கப்படுகிறது. கால் இழந்தவர்கள் எஸ்எச்1 பிரிவில் செயற்கைக் காலோடு நின்று சுடலாம், உயரக் கதிரையிலோ சில்லுக்கதிரையிலோ இருந்தும் சுடலாம்.

ஜெய்ப்பூர் என்றால் எங்கள் சனத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது செயற்கைக் கால். அதே நகரத்துப் பிள்ளைதான் அவனி லேகரா. 2012 இல் கார் விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சில்லுக்கதிரைக்கு வந்தவர். 2015 இல் தகப்பனார் அவரைச் சுடும் அரங்குக்குக் கூட்டிச் சென்றார். 2021 ஆவணி 30 ஆம் திகதி ரோக்கியோவில் பெண்களுக்கான 10 மீற்றர் எயார் றைபிள் எஸ்எச்1 போட்டியில் 249.6 புள்ளிகளோடு தங்கம் வென்றார். பராலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். 2024 இல் பரிஸில் 249.7 புள்ளிகளோடு அதே தங்கத்தை மறுபடியும் வென்றார். ரோக்கியோவில் அவர் வென்ற அதே நாளில், போரில் கை காயப்பட்ட இலங்கை இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத்தும் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்.

உரிமையாளர் தாய்தான்

றைபிளைத் தெரிய முன்னர் சட்டத்தைத் தெரிய வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு குறித்த வலுவுக்குக் குறைந்த எயார் றைபிளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 10 மீற்றர் போட்டி றைபிள்கள் அந்த எல்லைக்குள் அடங்கும். ஸ்கொட்லாந்தில் 2016 மார்கழி 31 இலிருந்து அனுமதிப்பத்திரம் கட்டாயம்.

அனுமதிப்பத்திரம் இல்லை என்பதற்காகக் கட்டுப்பாடு இல்லை என்று ஆகிவிடாது. 18 வயதுக்குக் குறைந்தவர் எயார் றைபிள் வாங்க முடியாது. பெற்றோர் வாங்கி அவருக்குப் பரிசாகக் கொடுக்கவும் முடியாது. 2011 இலிருந்து, வீட்டிலுள்ள 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அனுமதியின்றி அதை எடுக்காதபடி தகுந்த பாதுகாப்புச் செய்வது உரிமையாளரின் கடமை, செய்யாவிட்டால் குற்றம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டு திரிவதும் குற்றம்.

என் கணவர் இரவு வேலை. கழகத்துக்குக் கூட்டிப் போவதும் வருவதும் நான்தான். ஆகவே அந்த றைபிளின் உரிமையாளராக என் பெயரே இருந்தது. வன்னியில் வீட்டு வாசலில் துவக்கோடு யாராவது வந்து நின்றால் பிள்ளைகளை உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திய தாய்மாரில் நானும் ஒருத்தி. எனக்கு இது இலேசான காரியமாக இருக்கவில்லை. அதனாலேயே எதையும் மேலோட்டமாகப் பாராமல், இரண்டையும் நின்று நிதானித்துப் பார்த்தேன்.

எங்கள் முன்னிருந்த இரண்டு

ஒன்று எயார் ஆம்ஸ் எஸ்200ரி. கிழக்கு சசெக்ஸிலுள்ள ஹெயில்ஷம் என்ற ஊரின் நிறுவனம், செக் நாட்டின் சீசெட் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. மரத்தாலான உடற்கட்டை. மற்றது ஹெமர்லி ஏஆர்20. ஹெமர்லி என்பது பழைய சுவிஸ் பெயர். பிற்காலத்தில் ஜேர்மனியின் வால்தர் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. இதன் உடற்கட்டை அலுமினியம்.

இரண்டிலும் ஒரு தடவைக்கு ஒரு சன்னம்தான் போடலாம். இரண்டும் அமுக்கிய காற்றில் இயங்குபவை. இரண்டையும் வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் பாவிக்கலாம். இரண்டிலும் குறிபார்ப்பதற்குச் சிறு துவாரமுள்ள வளையம் உண்டு. 10 மீற்றரில் இறுக்கிப் பூட்டி வைத்துச் சுட்டால் இரண்டுமே சன்னத்தைக் கிட்டத்தட்ட ஒரே துவாரத்தில் போடும் என்று கழகத்துப் பயிற்றுநர் சொன்னார். எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண் அவர். "றைபிள் பிழைவிடாது. பிழை எப்போதும் பிடிக்கிறவரின் உடம்பில்தான் இருக்கும். அதனால் உடம்புக்குப் பொருந்துவதைப் பாருங்கள்" என்றார்.

மகளுக்கு அலுமினியத்தில்தான் ஆசை. போட்டிகளில் பெரிய வீராங்கனைகள் வைத்திருப்பது போன்ற தோற்றம் அதற்கு. "அம்மா, இதைப் பிடிச்சால் என்னையும் ஆக்கள் சுடுறவள் எண்டு மதிப்பினம்" என்றாள். அது அற்பமான ஆசை என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலோடு ஓர் அறைக்குள் நுழையும் பிள்ளை, மற்றவர்களின் கண் முதலில் தன்னில் எங்கே விழுகிறது என்பதை அறிவாள். அந்தக் கண் அவள் கையிலுள்ள பொருளில் விழட்டும் என்று அவள் விரும்பியதில் நியாயம் இருந்தது.

நாற்பது சூடுகள், இரண்டு நாட்கள்

செயற்கைக் கால் பொருந்துகிறதா என்பது போட்டவுடன் தெரியாது என்பதை இச்சஞ்சிகையின் வாசகிகள் பலர் அனுபவத்தில் அறிவார்கள். போட்டவுடன் எல்லாக் காலும் நன்றாகத்தான் இருக்கும். அரை மணித்தியாலம் நடந்து, கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். மகளுக்கு ஒன்பது வருடங்களாகக் கால் மாற்றி மாற்றிப் போட்ட எனக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் இது தெரியும். அந்த முறையையே இங்கும் கைக்கொண்டேன்.

இரண்டு றைபிள்களையும் ஒரே நாளில் மாறிமாறிப் பிடித்துப் பார்க்க விடவில்லை. ஒரு கிழமை ஒன்று, அடுத்த கிழமை மற்றது. ஒவ்வொன்றிலும் 40 சூடுகள், போட்டியில் இருப்பது போலவே உயரக் கதிரையில் இருந்துகொண்டு. இலக்கு அட்டைகளில் நாளையும் சூட்டின் வரிசையையும் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் பரப்பினோம். மொத்தப் புள்ளிகளைவிட, முதற் பத்தையும் கடைசிப் பத்தையும்தான் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அலுமினிய றைபிளில் முதல் இருபதும் மிக அழகாக நடுவில் கூடியிருந்தன. கடைசிப் பத்து கீழ்நோக்கிச் சிதறியிருந்தன. மர றைபிளில் முதல் இருபது சற்று அகலமாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தும் அதே அகலத்தில்தான் இருந்தன. மொத்தத்தில் அலுமினியத்துக்கு ஐந்தாறு புள்ளிகள் கூட. கூட்டலை மட்டும் பார்த்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்போம்.

பாரம்

காரணம் பாரத்தில் இருந்தது. கழகத்துத் தராசில் நிறுத்தபோது மரம் 3 கிலோவுக்குச் சற்று மேல், அலுமினியம் 4 கிலோவுக்குச் சற்று மேல். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. பாரம் கூடிய றைபிள் கையின் சிறு நடுக்கத்தை அடக்கிவிடும். அதனாலேயே அதில் முதல் இருபதும் நன்றாக வந்தன.

ஆனால் நின்று சுடுகிறவர் இடது முழங்கையை இடுப்பெலும்பில் பொருத்தி, றைபிளின் பாரத்தை எலும்புவழியே நிலத்துக்கு இறக்குவார். தசைக்கு வேலை குறைவு. கதிரையில் இருக்கும் என் மகளுக்கு இடுப்பு அந்த உயரத்துக்கு வராது. முழங்கையை மடியிலோ கதிரையின் கையிலோ ஊன்றுவதற்கும் இந்தப் போட்டியில் இடமில்லை. ஆகவே அந்த ஒரு கிலோவைத் தோளும் முதுகும்தான் சுமக்கின்றன. இடது காலும் இல்லாததால் இருக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சரியாதபடி முதுகு ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை அவள் சொல்லவில்லை. அன்றிரவு அவள் தோளைத் தடவிக் கொடுத்தபோது எனக்குத் தெரிந்தது.

செயற்கைக் காலோடு நின்றே சுடலாமே என்று சிலர் கேட்டார்கள். 75 நிமிடங்கள் அசையாமல் நின்றால் சொக்கெற்றுக்குள் வியர்த்துத் தோல் உரிந்துவிடும். வளரும் பிள்ளைக்கு அந்தச் சொக்கெற்றும் அடிக்கடி மாற வேண்டியது. மாறுகிற காலை நம்பி ஒரு நிலையான பழக்கத்தை உருவாக்க முடியாது என்று பயிற்றுநரும் சொன்னார்.

நீளம்

பாரத்தில் மரம் வென்றது, நீளத்தில் அலுமினியம். றைபிளின் பின்பகுதியைத் தோளில் அணைத்தபின் விரல் விசையைத் தொடும் தூரம் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். அது கூடினால் கழுத்தை முன்னுக்கு நீட்ட வேண்டிவரும். குறைந்தால் கை மடங்கி இறுகும். அலுமினியத்தில் திருகாணியைத் தளர்த்தி நீளத்தையும், கன்னம் வைக்கும் பகுதியின் உயரத்தையும் மாற்றலாம். வளரும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. நாங்கள் பார்த்த மர றைபிளில் நீளத்தை அப்படி மாற்ற வழியிருக்கவில்லை. என் மகளுக்கு அது இரண்டு விரற்கடை நீளமாகவும் இருந்தது.

இங்கேதான் முடிவெடுப்பது கடினமானது. ஒன்று இன்று பாரம். மற்றது இன்று நீளம். இரண்டுமே அவளுக்கு முழுதாகப் பொருந்தவில்லை.

காற்று, சிலிண்டர், சன்னம்

பாவித்த எயார் றைபிள் வாங்குகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் திகதி. ஜேர்மனியின் பெரிய நிறுவனங்கள் தங்கள் போட்டி றைபிள்களின் சிலிண்டர்களைப் பத்து ஆண்டுகளுக்குமேல் பாவிக்க வேண்டாம் என்கின்றன. உள்ளே இருப்பது 200 பார் அளவு அழுத்தம். கார் ரயரில் இருப்பதைவிட எண்பது மடங்குக்குமேல். நாங்கள் பார்த்த அலுமினிய றைபிளின் சிலிண்டருக்கு இன்னும் இரண்டு வருடம்தான் மிச்சம். அதன்பின் புதிதொன்றுக்குக் காசு தேட வேண்டும். விலை சமன் என்று நினைத்தது சமன் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

காற்று நிரப்பும் செலவு எங்களுக்கு வரவில்லை. கழகத்தில் பெரிய சிலிண்டர் இருந்தது. அந்த வசதி இல்லாத இடத்தில் கைப்பம்பியும் வேண்டும், அதை அடிக்க ஆளும் வேண்டும். சன்னம் 500 கொண்ட ரின்னில் வரும். போட்டிக்கு 60 என்றால் ஒரு ரின் எட்டுப் போட்டிக்குப் போதும். பயிற்சிக்கு அதைவிட வேகமாக முடியும். சன்னம் ஈயம் என்பதால் சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒன்றும் சாப்பிடக் கூடாது.

எங்கள் தெரிவு

கடைசியில் மர றைபிளையே வாங்கினோம். பயிற்றுநர் சொன்ன ஒரு சிறு கணக்குத்தான் முடிவைத் தந்தது. பாரம் குறைந்த றைபிளில் பின்னர் ஈயத் துண்டுகளைப் பூட்டிப் பாரத்தைக் கூட்டலாம். பாரம் கூடிய அலுமினியத்தில் எதைக் கழற்றிக் குறைப்பது? நீளமான மரத்தைக் குறைக்கலாம், பிறகு கூட்டவும் செய்யலாம்.

கழகத்தில் தச்சுவேலை தெரிந்த முதியவர் ஒருவர் பின்பகுதியிலிருந்து இரண்டு விரற்கடை மரத்தை நேராக அறுத்து, அதை மறுபடி இரண்டு துண்டாக்கி, திருகாணிக்குத் துளையிட்டுத் தந்தார். அந்தத் துண்டுகளை எறியவில்லை. அவள் வளர வளர ஒவ்வொன்றாக மறுபடி பூட்டினோம். பதினேழு வயதில் இரண்டும் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன. ஈயத் துண்டுகளும் அதே காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. இப்போது அந்த றைபிள் கிட்டத்தட்ட மற்றதன் பாரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் முதுகு தயாரான பிறகு வந்தது.

மகள் முதலில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அட்டைகளை எடுத்து அவள் முன்னால் வைத்து, "கடைசிப் பத்தைப் பார் பிள்ளை. பிறகு நீயே சொல்லு" என்றேன். மூன்றாம் நாள் அவளே பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்து மரத்தைச் சொன்னாள். நான் தெரிந்து கொடுத்தேன் என்பதைவிட, அவள் பார்த்துத் தெரிந்தாள் என்பதே எனக்குத் திருப்தி.

அவள் பெரிய பதக்கம் ஒன்றும் வெல்லவில்லை. மாவட்ட மட்டப் போட்டிகளில் கலந்துகொள்கிறாள். கால் உள்ளவர்களோடு ஒரே வரிசையில் இருந்து சுடுகிறாள். அட்டையில் விழும் துவாரத்துக்கு யாருக்கு எத்தனை கால் என்று தெரியாது. 2021 இல் அவளுக்குப் பதினெட்டு நிறைந்ததும் றைபிளின் உரிமை அவளுடையதாயிற்று.

பயத்தைப் பற்றி

சத்தத்தைப் பற்றிச் சில தாய்மார் கேட்பார்கள். இங்கே கார்த்திகை 5 ஆம் திகதி வெடி கொளுத்துவார்கள். அன்று நான் இன்றும் யன்னலருகே போவதில்லை. எயார் றைபிளின் சத்தம் அப்படி அல்ல. கதவுக் கொளுக்கி விழுவது போன்ற ஒரு 'டக்'. ஆயினும் சத்தம் சிறிது என்பதால் பயம் இல்லாமல் போகும் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பொருளைக் கண்டாலே உடம்பு நடுங்கினால், இரவில் கனவு கண்டு எழும்பினால், இது அவளுக்கான விளையாட்டு அல்ல. விட்டுவிடுங்கள். குண்டு போடலாம், ஈட்டி எறியலாம், நீந்தலாம். பிள்ளை விரும்பி, தாய் மட்டும் பயந்தால், தாய் ஒருமுறை அரங்குக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும். நான் ஆறு கிழமை இருந்து பார்த்தேன். அங்கே துவக்கை யாரும் யாரையும் நோக்கித் திருப்புவதில்லை. "நிறுத்து" என்ற ஒரு சொல்லுக்கு எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் கீழே வருகின்றன. அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்த பிறகுதான் கையொப்பமிட மனம் வந்தது.

இலங்கையில்

எங்கள் நாட்டுப் பெண்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. 1994 இல் கனடாவின் விக்ரோறியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் பெண்கள் இணை எயார் றைபிள் போட்டியில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் இலங்கைக்குத் தங்கம் வென்றார்கள். 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் ரெஹானி எகொடவெல 10 மீற்றர் எயார் றைபிளில் பங்குபற்றினார்.

ஆனால் இங்கிலாந்தின் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது. யாரும் வெளியிலிருந்து றைபிள் வாங்கி அனுப்பவோ, வீட்டில் வாங்கி வைக்கவோ எண்ண வேண்டாம். பாடசாலை, கழகம், விளையாட்டுச் சம்மேளனம் என்ற வழியாகவே போக வேண்டும். கழகத்துப் பொது றைபிளே முதல் றைபிளாக இருக்கட்டும். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடமும், உங்கள் பகுதியில் மாற்றுவலுவுள்ளோருக்காக இயங்கும் அமைப்பிடமும் விசாரியுங்கள்.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

1. பிள்ளை குறைந்தது ஆறு மாதமாவது பொது றைபிளில் பழகட்டும். ஆசை நிலைக்கிறதா என்று பார்த்தபின் காசைப் பற்றி யோசிக்கலாம்.

2. பிள்ளைக்கு எந்தக் கண் முதன்மையானது என்று முதலில் சோதியுங்கள். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு துவாரம் விட்டுத் தூரத்துப் பொருளொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண்ணுக்குப் பொருள் மறையாமல் தெரிகிறதோ அதுவே முதன்மைக் கண். வலக்கைக்காரிக்கு இடக்கண் முதன்மையாக இருக்கலாம்.

3. சுடும்போது எப்படி இருப்பாளோ அப்படியே இருந்து பிடித்துப் பார்க்கட்டும். கடையில் நின்று பிடித்துப் பார்ப்பது கதிரையில் இருப்பவருக்குப் பயன்படாது.

4. இரண்டையும் வேறு வேறு நாட்களில் சோதியுங்கள். கடைசிப் பத்துச் சூடுகளைப் பாருங்கள்.

5. சிலிண்டரின் திகதியையும், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும், காற்று நிரப்பும் வழியையும் கேட்டபின் விலையை ஒப்பிடுங்கள்.

6. றைபிள் ஒரு பூட்டில், சன்னம் வேறொரு பூட்டில். திறப்பு தாயிடம்.

தொண்டு நிறுவனங்கள் எங்கள் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கும்போதும், சில்லுக்கதிரை கொடுக்கும்போதும், "இரண்டும் ஒன்றுதான், ஏதோ ஒன்றை எடுங்கள்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் அவசரப்படாதீர்கள். அரை மணித்தியாலம் இருந்து பாவித்துப் பார்க்க விடுமாறு கேளுங்கள். காலையில் இலேசாகத் தெரிவது மாலையில் தோளில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றாக இருக்கலாம். நாளாந்தம் அதோடு இருக்கப் போகிறவர் நீங்கள்.